அம்மாவிடம் யார் சொல்வது

11 ஜூன் 1996

மழை. கரமனையில் பஸ் நிற்காமல் போய்விட்டது, ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவுக்குள்ளும் மழை. சேலையின் கீழ்ப்பாதி நனைந்தபடியேதான் இன்றைய டியூட்டி முழுக்க.

பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குழந்தை. இன்னும் நடக்கத் தொடங்காத வயசு. மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றிருக்கிறாள். எங்கள் ஆஸ்பத்திரியில் வரிசை என்றால் வரிசைதான். சளிக்கும் சாவுக்கும் ஒரே வரிசை. சீட்டோடு என் மேஜைக்கு வந்தபோது குழந்தையின் கண் குழிக்குள் போயிருந்தது. கையில் தேடினேன், காலில் தேடினேன், நரம்பு கிடைக்கவில்லை. கடைசியில் தலையில் கிடைத்தது. டிரிப் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

யூனிட் சீஃப் திரவியம் சார் வந்தார். நாகர்கோவில்காரர், ஸ்ரீவராகத்தில் வீடு, குழந்தை வைத்தியத்தில் இந்த ஊரில் எல்லாரும் அவர் பேரைத்தான் சொல்வார்கள். குழந்தையைப் பார்த்தார். வெளியே போய் அந்த அம்மாவின் அண்ணனைத் தூண் பக்கமாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னார். அவன் தலையை ஆட்டினான். சார் திரும்பி வந்து என்னிடம், "டிரிப்ப எடுக்காத. டேப்ப நல்லா ஒட்டிக் குடு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஹெட் நர்ஸ் ஓமனா சிஸ்டருக்குப் புரிந்தது. அவரே டேப்பை ஒட்டி, குழந்தையைத் துண்டில் சுற்றி, முகத்தை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்து அம்மாவின் கையில் கொடுத்தார். 'மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லியிருக்கிறார்கள் அவளிடம். அண்ணன் குடைக்குள் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். ஜீப்பில் ஏறும்போது அவள் திரும்பி என்னைக் கேட்டாள்:

"டாக்டரம்மா, வழியில இது தீந்தா ஆரு மாத்துவா?"

"தீராது" என்றேன்.

வேலூரில் இத்தனை வருஷம் படித்து, அவசர வைத்தியம் கற்று, இந்த மலையாள ஊருக்கு வந்து நான் சொன்ன பதில் இது.

12 ஜூன்

சாரிடம் சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

"நீ புதுசு. சொல்லுகேன் கேளு. அவகிட்ட இங்க வச்சு சொன்னா அவ இங்கயே விழுவா. பொணம்னு தெரிஞ்சா ஜீப்காரன் ஏத்த மாட்டான். வீட்டுல போயி எறங்கினா நாலு பொம்பளைய உண்டு, பிடிச்சுக்குவாவ. இங்க ஆரு பிடிப்பா? நீயா?"

ஆண்களிடம் சொல்வது, அம்மாவிடம் மறைப்பது, டிரிப்போடு அனுப்புவது — இங்கே இதுதான் முறையாம். யாரும் கொடுமைக்குச் செய்வதில்லை. எல்லாரும் இரக்கத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஜீப்பில் ஒரு மணி நேரம் அவள் அந்தப் பிள்ளையிடம் என்னவெல்லாம் பேசியிருப்பாள்?

17 ஆகஸ்ட் 1996

சனிக்கிழமை ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு வகுப்பு வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். "நான்தான் அம்மா. என் பிள்ளை செத்துப்போச்சு. வந்து சொல்லுங்க."

ஒரு பையன் குழந்தையின் சோடியம் அளவிலிருந்து ஆரம்பித்தான். இன்னொருவன் "ஞங்ஙள் மாக்ஸிமம் ட்ரை செய்து" என்று சுவரிடம் சொன்னான், முடிந்தவரை செய்து பார்த்தார்களாம். ஒரு பெண் கையைப் பிசைந்துகொண்டே நின்று, சிரித்துவிட்டாள். பாவம், பயத்தில் வந்த சிரிப்பு. திட்டவில்லை.

உட்கார்ந்து சொல்லுங்கள். முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். 'இறந்துவிட்டது' என்ற வார்த்தையையே சொல்லுங்கள். சுற்றி வளைத்தால் அவள் வேறு அர்த்தம் தேடிக்கொள்வாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். ஓடாதீர்கள். டிரிப்பைக் கழற்றிவிட்டுத்தான் பிள்ளையை அவள் கையில் கொடுக்க வேண்டும் — இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது.

கதவோரம் ஓமனா சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "எந்தா மேடம், நாடகமோ?"

3 பிப்ரவரி 1997

அவசர சிகிச்சைக்குத் தனி அறை கிடைத்தது! உடைந்த ஸ்ட்ரெச்சர்களைப் போட்டு வைத்திருந்த இடம். இரண்டு கட்டில், ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர், வாசலில் எங்களுடைய ஆள் ஒருவர். நிலைமை மோசமான பிள்ளை நேரே உள்ளே வரும், சீட்டு பிறகு. இதற்காக எத்தனை பேர் மேஜை முன்னால் நின்றேன் என்று எனக்குத்தான் தெரியும். சண்டைக்காரி என்று பேர் எடுத்தாயிற்று. எடுத்த பேரை வீணாக்கக்கூடாது.

மூச்சுக் கொடுக்கப் பழகுவதற்கு விலை உயர்ந்த பொம்மை கேட்டால் சிரிக்கிறார்கள். சாலை கடைத்தெருவில் ஒரு பிளாஸ்டிக் பாப்பா வாங்கி, நெஞ்சைக் கீறி, உள்ளே ஒரு பலூனை வைத்துத் தைத்தேன். சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான். என் வீட்டுக்காரர் யோசுவா ஆபீஸிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஏ பிள்ள, இந்த வீட்டுல சோறு எங்கயாக்கும் வைப்பா?" என்றார்.

20 நவம்பர் 1998

கிணற்றில் விழுந்த பையன். தூக்கிக்கொண்டு வந்தபோது நீலம். பொம்மையில் பழகிய பிள்ளைகள் நான் வாய் திறப்பதற்கு முன்பே பையையும் மாஸ்கையும் எடுத்துவிட்டார்கள். அம்மாவை வெளியே தள்ளவில்லை. காலடியில் நிற்கவைத்தோம். அவன் இருமி, வாந்தி எடுத்து, அழுதான். நான் கேட்டதிலேயே நல்ல அழுகை.

ஓமனா சிஸ்டர் முதலில் முணுமுணுத்தார், அம்மா உள்ளே நின்றால் நமக்குக் கை நடுங்குமாம். ஆனால் அந்த அம்மா மயங்கிச் சாயப் போனபோது ஸ்டூலை இழுத்துப் போட்டது அவர்தான்.

9 ஜனவரி 2000

பி.ஜி. படிக்க வந்திருக்கும் ஜிபின் இன்று முதல் தடவையாக ஒரு அம்மாவிடம் சொன்னான். நெய்யாற்றின்கரைப் பையன், அம்மா தமிழ், அப்பா மலையாளம். இரண்டு பாஷையிலும் திக்காமல் பேசுவான். உட்கார்ந்தான், சொன்னான், இருந்தான். பிறகு வாஷ்பேசினில் முகம் கழுவிவிட்டு வந்து என்னிடம் கேட்டான்:

"அந்த அம்மா எனக்க சட்டையப் பிடிச்சிட்டு அழுதாவ மேடம். நானும் அழுதிட்டேன். குழப்பம் ஒண்ணும் இல்லல்லா?"

ஒன்றும் இல்லை என்றேன். என் கையில் வந்த பிள்ளைகளில் இவன்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பிறகு இந்த அறை இவனிடம் போனால் நிம்மதியாக ரிட்டயர் ஆகலாம்.

22 மே 2001

ஆதர்ஷ், மூன்று வயசு. களியக்காவிளைக்குப் பக்கம். மூளைக்காய்ச்சல். ஏதோ நர்ஸிங் ஹோமில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, வலிப்பு நிற்காமல் இங்கே கொண்டு வந்தார்கள். உச்சிவேளைக்கு முன்பே போய்விட்டான். செய்யாதது எதுவும் இல்லை. ஜிபின்தான் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான். அம்மா சிஜி உள்ளேயே நின்றாள், பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு.

சிஜிக்கு எட்டு மாதம். நிறைவயிறு. புருஷன் மஸ்கட்டில். கூட வந்தது புருஷனின் அண்ணன்.

நாங்கள் நிறுத்தியபோது அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நிறுத்தியது எதனால் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஊசி போட்டுத் தூங்குகிறான் என்று நினைத்திருக்கிறாள். அந்த அண்ணன் ஜிபினை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கும்பிட்டுச் சொல்லியிருக்கிறான்: "அவகிட்ட மட்டும் சொல்லாதிய. வயித்துல ஒண்ணு கெடக்கு. வீட்டுல கொண்டு போயி மெதுவா சொல்லிக்கிடுகோம்."

ஜிபின் என்னிடம் வந்தான். "என்ன செய்ய மேடம்?"

வாசலில் இன்னொரு குழந்தை வந்து நின்றது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம ரூல் என்ன?" என்றேன்.

அவன் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னான். அவள் கத்தவில்லை. பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, வயிற்றுக்கு மேல் சாய்த்து வைத்துக்கொண்டாள். அப்படியே நெடுநேரம். அண்ணன் ஜிபினைப் பார்த்த பார்வை — எனக்குப் பிடிக்கவில்லை.

23 மே 2001

நேற்று சாயங்காலம் வீட்டில் வைத்து சிஜிக்கு வயிற்றுவலி, ரத்தப்போக்கு. பிரசவ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். இன்று காலை குழந்தை செத்துப் பிறந்தது. பெண். சிஜி இன்னும் மயக்கத்தில்.

மத்தியானம் எட்டுப் பத்துப் பேர் வந்தார்கள். "எவண்டா அவகிட்ட சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஜிபின், 'நான்தான்' என்றான். மடையன். ஓடியிருக்கலாம். ஓடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தவள் யார்?

டிரிப் ஸ்டாண்டைப் பிடுங்கி அடித்தார்கள். காலையிலிருந்து டியூட்டியில் இருந்த ஓமனா சிஸ்டர் அவனுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார், அவர் யூனிஃபார்மைக் கிழித்தார்கள். நான் நடுவில் புகுந்தேன், என்னைத் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். போலீஸ் வந்தது. அவனுக்கு வலது கை எலும்பு இரண்டாகிவிட்டது. எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு, வார்டில் படுக்க வைக்கும்வரை ஓமனா சிஸ்டர் அந்தக் கிழிந்த உடுப்போடு அவன் கூடவே இருந்தார்.

என் பிள்ளைதானே அவன். என் பிள்ளைதான்.

26 மே

அதிர்ச்சியில் நஞ்சுக்கொடி பிரியுமா? லைப்ரரியில் உட்கார்ந்து தேடினேன். ஒருவன் உண்டு என்கிறான், ஒருவன் இல்லை என்கிறான். அவளுக்கு முன்பே பிரஷர் இருந்திருக்கலாம். யாராவது பார்த்தார்களா? நான் பார்த்தேனா? எட்டு மாதக்காரி என் கண்ணெதிரே ஒன்றரை மணி நேரம் நின்றாள், ஒரு ஸ்டூல் போடச் சொன்னேனா? இல்லை.

வீட்டில் கொண்டுபோய்ச் சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்கிறார் யோசுவா. அப்படி நம்பினால் தூக்கம் வரும். எனக்கு வரவில்லை. கர்த்தரிடம் கேட்டேன். அவரும் புஸ்தகம் மாதிரியே பதில் சொல்கிறார்.

பத்திரிகையில் வந்துவிட்டது. 'டாக்டரின் நாக்கு பறித்த உயிர்.'

14 ஜூன் 2001

விசாரணை. உள்ளே கூப்பிடுவதற்கு முன் திரவியம் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"ராகேலே, ஒரு காரியம் சொல்லுகேன். சொந்தக்காரங்க வேண்டாம்னு சொன்னதுக்குப் பொறவும் அந்தப் பய அவனுக்க இஷ்டத்துக்குச் சொல்லிட்டான்னு நீ சொன்னா போதும். அவன் பி.ஜி. பய, ஒரு மெமோவோட தீந்திரும். அந்த ரூம் உனக்கே இருக்கும்."

"நான்தான் சார் சொல்லச் சொன்னேன்."

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரிய வேண்டாம்லா."

கெட்ட மனுஷர் இல்லை. அந்த அறையை நான் எப்படிக் கட்டினேன் என்று பார்த்தவர், அதைக் காப்பாற்றத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய். அந்த அறையில் பிழைத்துப் போன பிள்ளைகளை எல்லாம் நினைத்தேன். இனி வரப்போகிற பிள்ளைகளையும்.

உள்ளே போய், என் உத்தரவு, என் பாடம், ஜிபின் என்னைக் கேட்டுத்தான் செய்தான் என்று சொன்னேன்.

2 ஜூலை 2001

என்னைத் தடுப்பூசி ஓ.பி.க்கு மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை வகுப்பு இனி கிடையாது.

18 மார்ச் 2002

இன்று காஷுவாலிட்டி வாசலில் ஒரு ஜீப். ஒரு ஆள் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினான். பின்னால் ஒரு பெண், கையில் துண்டில் சுற்றிய பிள்ளை. எனக்குத் தெரிந்துவிட்டது. தடுப்பு மருந்துப் பெட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய்த் தடுக்கவில்லை. தடுக்கிற தைரியம் எங்கே போனது என்று கேட்டால் — சிஜியோடு களியக்காவிளைக்குப் போனது.

7 செப்டம்பர் 2003

ஜிபின் இங்கிலாந்திலிருந்து போன் செய்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. வேலை எப்படி என்று கேட்டேன். குழந்தை வைத்தியத்தை விட்டுவிட்டானாம். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்து எழுதுகிற வேலை.

"இருட்டு ரூம் மேடம். படத்தப் பாத்து எழுதிக் குடுத்தா போதும். ஆருகிட்டயும் ஒண்ணும் சொல்லண்டாம். சுகம்."

அவன் 'சுகம்' என்று சொன்ன விதத்தில் போனைக் கீழே வைத்த பிறகும் நின்றுகொண்டே இருந்தேன். என் மகன் விஜின் வந்து "அம்மே, எந்து பற்றி?" என்றான், என்ன ஆச்சு என்று. ஒன்றுமில்லை என்றேன். என் சொந்தப் பிள்ளையிடம் சொல்கிற பொய்கள் எனக்குச் சுலபமாக வருகின்றன.

28 பிப்ரவரி 2005

திரவியம் சார் ரிட்டயர் ஆனார். அறையை என்னிடம் திரும்பக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். மாலையோடு நின்றுகொண்டு என் காதருகே சொன்னார்: "நீ சொன்னது தப்புன்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல. தாங்கிப் பிடிக்க ஆளில்லாத எடத்துல சொன்ன. அதாக்கும்."

நாலு வருஷத்துக்கு முன்னால் இதை அந்த விசாரணை அறையில் சொல்லியிருக்கலாமே சார் என்று கேட்க வாய் வரை வந்தது. லட்டு கொடுத்தார், தின்றேன்.

12 மார்ச் 2005

வகுப்பு மீண்டும் தொடங்கியது. மூச்சு, நாடி, நரம்பு, மருந்தின் அளவு. அவ்வளவுதான். இப்போது நல்ல பொம்மை வந்துவிட்டது, பெட்டியோடு. கடைசியில் திவ்யலட்சுமி என்ற புதுப் பெண் கையைத் தூக்கினாள். "மேடம், குட்டி மரிச்சால் அம்மயோடு ஆரா பறயுந்நது?"

பிள்ளை இறந்தால் அம்மாவிடம் யார் சொல்வது என்று கேட்கிறாள். "அந்த நேரத்துல டியூட்டியில இருக்கிற சீனியர் தீர்மானிப்பார்" என்றேன். எழுதிக்கொண்டாள். பொம்மையைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

10 அக்டோபர் 2006

காய்ச்சலோடு வந்த ஒரு சின்னப் பெண். பயப்பட ஒன்றுமில்லை, மருந்து எழுதினேன். அம்மா சீட்டை வாங்கிக்கொண்டு நகரவில்லை.

"என்ன ஞாபகம் இருக்கா டாக்டரே? நான் சிஜி. ஆதர்ஷுக்க அம்மை."

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எதற்கு எழுந்தேன்? அடிக்கப் போகிறாள் என்றா? அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றா?

பிள்ளையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். அன்றைக்கு ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, எடை குறைவு, பார்க்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவை நேரே சொன்னதால்தானே இத்தனையும் வந்தது, இனி ஒரு தடவை வேண்டாம் என்று குடும்பத்தோடு முடிவு. ஆஸ்பத்திரிக்காரர்களும் தலையாட்டியிருக்கிறார்கள்.

"பாலு பீச்சிக் குடுப்பேன் டாக்டரே. கொழுந்தியா வந்து கிண்ணத்துல வாங்கிட்டுப் போவா. வெறும் கிண்ணத்தோட வருவா. 'குடிச்சாளா'ன்னு கேப்பேன். 'நல்லா குடிச்சா'ம்பா. அஞ்சு நாளு. எங்கயோ கொண்டு கொட்டியிருக்கா. எனக்குத் தெரிஞ்சப்போ குழியில வச்சு நாலு நாளு ஆயிட்டு."

வெளியே பெஞ்சில் இருந்த பிள்ளையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அந்தக் கை ஒடஞ்ச டாக்டரு எங்க? அவரு ஒரு ஆளுதான் எனக்க கிட்ட நேரா சொன்னாரு. ஆதர்ஷுக்க சூடு போற வரைக்கும் நான் வச்சிருந்தேன். அது எனக்கு உண்டு. மத்தது... சொப்பனத்துல வரும் டாக்டரே. முகம் இருக்காது. எப்பிடி இருந்துதுன்னு ஆருக்காவது தெரியுமா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு."

விசாரித்துப் பார்க்கிறேன் என்றேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தப் பொம்பளைகள் பாலைக் கொட்டிய இடம் எதுவாக இருக்கும் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

14 அக்டோபர் 2006

வகுப்பில் இன்று பொம்மையை எடுக்கவில்லை. சிஜி சொன்னதைப் பேரில்லாமல் சொன்னேன். கிண்ணத்தைச் சொன்னேன். "எந்தச் சீனியரும் தீர்மானிக்க வேண்டாம். போய் அம்மாவிடம் சொல்லுங்கள். கூட ஒருத்தரை நிறுத்திக்கொண்டு, அவளை உட்காரவைத்து, பிரஷர் பார்த்து, அவளைத் தாங்க ஆள் இருக்கிறதா என்று பார்த்து, சொல்லுங்கள். ஆனால் சொல்லுங்கள். பொய் மட்டும் வேண்டாம்."

திவ்யலட்சுமி அழுதாள். எனக்குப் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. ஜிபினுக்கு எழுத வேண்டும், உன்னை அவள் கேட்டாள் என்று.

20 அக்டோபர் 2006

பிரசவ ஆஸ்பத்திரியில் இந்த வாரம் முழுக்க விசாரித்தேன். அன்றைக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் இப்போது நாட்டிலேயே இல்லை. லேபர் ரூம் ஆட்களில் ஒருத்தி இறந்துவிட்டாள், மற்றவர்களுக்கு நினைவில்லை. எப்படி இருக்கும்? எத்தனை பிரசவம், எத்தனை துணிச் சுருட்டு. எழுதி வைத்திருப்பது எடையும் 'பெண்' என்பதும் மட்டும்.

ஓமனா சிஸ்டர் இப்போது அங்கேதான், நர்ஸிங் சூப்பிரண்டாக. போன வருஷம் மாற்றலாகிப் போனார். கடைசியாக அவரிடம் கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று சிஜியிடம் நேரே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் இன்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளை வெளியே நிறுத்தி, சிஸ்டரிடம் நான் தனியாக முதலில் பேசியிருக்க வேண்டும். சிஜி கூடவே உள்ளே வந்துவிட்டாள். நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

ஓமனா சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சிஜியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"ஞான் கண்டதாணு மோளே" என்றார். நான் பார்த்திருக்கிறேன் மகளே என்கிறார். அன்றைக்கு அங்கே தனக்கு டியூட்டி என்கிறார். குளிப்பாட்டித் துணியில் சுற்றியதே தான்தான் என்கிறார்.

அன்றைக்கு ஓமனா சிஸ்டர் எங்கள் அறையில் இருந்தார். காலையிலிருந்து. ஜிபினை அடிக்க வந்தவர்களுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"முடி இருந்துதா?" என்று கேட்டாள் சிஜி.

"நிறையே முடி. கறுத்த முடி."

"நெறம்?"

"வெளுத்திட்டாணு. இந்த நெற்றி தன்னே. நல்ல வீதி நெற்றி." அகலமான நெற்றியாம். சிஜியின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நெற்றியை எடுத்தார், மூக்கை எடுத்தார், தாடையில் இருந்த சின்னக் குழியை எடுத்தார். சிஜி தன் தாடையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கண்ணீர் ஓடுகிறது, ஆனால் அந்த முகத்தில் அப்படியொரு —. என்னால் எழுத முடியவில்லை.

நிறுத்தச் சொல்ல வேண்டும். நான்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்குத் தெரியும்?

அப்போது சிஜி என் பக்கம் திரும்பினாள்.

"உள்ளதா டாக்டரே? நீங்க சொல்லுங்க. எல்லாரும் எனக்க கிட்ட கள்ளம் சொல்லுவாவ, நீங்களும் அந்தக் கை ஒடஞ்ச டாக்டரும்தான் சொல்லாதது. இவிய அண்ணைக்கு அங்க இருந்தாவளா?"

ஓமனா சிஸ்டர் என்னைப் பார்க்கவே இல்லை. மேஜையில் இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்தாங்க" என்றேன்.

தம்பானூர் வரை கூடவே போய் பஸ் ஏற்றிவிட்டேன். வழி முழுக்க அவள்தான் பேசினாள். நெற்றி அவளுடைய அம்மையின் நெற்றியாம். ஆதர்ஷுக்கும் அதே குழி உண்டாம். படியில் ஏறி நின்றுகொண்டு சொன்னாள்:

"முகம் இல்லாத பிள்ளைக்கு பேரு வைக்க மனசு வரல்ல டாக்டரே. இனி வைக்கணும்."

என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார், வண்டி நகர்ந்தது.